பெரியப்பாவின் கொல்லை

ராத்திரி பெரியப்பா கொல்லைக்கு யானை வந்திருக்கிறது. குடியாத்தம் தாண்டி, சைனகுண்டா பக்கம்.

காலையில் போய்ப் பார்த்தேன். வாழை வரிசையாகச் சாய்ந்து கிடந்தது. தண்டைப் பிளந்து நடுக்குருத்தை மட்டும் தின்றிருக்கிறது.

வரப்போரம் முறம் அகலத்துக்கு ஒரு காலடி. பக்கத்தில் லத்தி, அதில் முழுசாக ஒரு மாங்கொட்டை.

பெரியப்பா திட்டவில்லை. "அதுக்கும் பசிதானே கண்ணு. மேல காட்டுல என்ன இருக்கு, உண்ணிச்செடிதானே?" குரல் உடைந்துவிட்டது.

ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் கவுண்டின்யா வனவிலங்குச் சரணாலயம். 1980களில் ஓசூர்ப் பக்கமிருந்து வந்து தங்கிய யானைகளுக்காக 1990இல் அறிவித்தது. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். உண்ணிச்செடி மண்டிய இடத்தில் புல் எங்கே எழும்பும்?

அகழி, சோலார் வேலி எல்லாம் சரி. ஆனால் பசித்த யானை அடுத்த ஊர்க் கொல்லைக்குப் போகும், அவ்வளவுதான். உண்ணியை வேரோடு பிடுங்கி, புல்லும் மூங்கிலும் வர விட்டு, சித்திரை வெயிலிலும் குட்டையில் தண்ணீர் நிற்கிற மாதிரி செய்ய வேண்டும். வருஷக்கணக்கில் ஆகும். ஆகட்டும், ஆரம்பிக்க வேண்டாமா?

பெரியப்பாவுக்கு எழுபது வயசு. இன்று ராத்திரியும் டார்ச்சோடு பரண்மேல்தான் படுக்கப்போகிறார்.