என் கருப்பை வாய்ச் சோதனையும் அதைப் படித்த கணினியும்

தங்கச்சிமடம் பகுதியில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு சுகாதார நிலையத்திலேயே கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான அசிட்டிக் அமிலச் சோதனை செய்கிறார்கள். நீர்த்த அமிலத்தைத் தடவிச் சற்று நேரத்தில் வெள்ளைத் திட்டு தோன்றுகிறதா என்று வெறும் கண்ணால் பார்ப்பதே அம்முறை. மாதவிலக்கு நின்றுவிட்ட எனக்கோ, பார்க்க வேண்டிய பகுதி உட்புறமாக ஏறிவிட்டதால், கருப்பை வாயின் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் பரிசோதனைக்காகச் செவிலியர் என்னை ராமநாதபுரத்துக்கு அனுப்பினார்.

மாதிரி எடுப்பது சில நிமிட வேலைதான், கூச்சம்தான் பெரிது. மருத்துவர் சிறு தூரிகையைக் கருப்பை வாயில் சுழற்றி எடுத்து, அதை ஸ்லைடில் தடவாமல், திரவம் நிறைந்த குப்பியில் அலசினார். ஸ்லைடில் தடவினால் உடனே ஆல்கஹாலில் இட வேண்டும் என்றும், காற்றில் உலர்ந்துவிட்டால் செல்லின் உட்கரு பெரிதாகித் தெரிந்து குழப்பம் தரும் என்றும் அவர் விளக்கினார். ஓயாமல் காற்றடிக்கும் எங்கள் கடற்கரையில் முகாம் போட்டு ஸ்லைடு எடுப்பவர்களின் சிரமம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

குப்பி மதுரைக்குச் சென்றது. அங்கே குப்பியிலுள்ள செல்களைக் கொண்டு ஸ்லைடு செய்வார்கள், அதைக் கணினியே பார்க்கும் என்று கேட்டதும் முடிவையும் அதுவே சொல்லிவிடுமோ என்று அஞ்சினேன். உண்மையில், உட்கருவில் ஏறிய சாயத்தின் அடர்த்தியை அளந்து, ஐயத்துக்குரிய 22 இடங்களைத் தேர்ந்து காட்டுவதோடு அந்த இயந்திரத்தின் வேலை முடிகிறது. அவ்விடங்களை நுண்ணோக்கியில் பார்ப்பவர் ஏதேனும் மாறுதலைக் கண்டால், முழு ஸ்லைடையும் தாமே பார்க்க வேண்டும். மாறுதல் உள்ள அறிக்கையில் நோயியல் மருத்துவரே கையொப்பமிடுகிறார். இயந்திரத்துக்குக் கண் சோராது என்பது உண்மையானாலும், 2011-இல் வெளியான ஆங்கிலேய ஆய்வொன்றில், கணினித் துணையுடன் படித்தபோது மாறுதல்களைக் கண்டறியும் திறன், மனிதர் மட்டும் படித்ததைவிடச் சுமார் 8 விழுக்காடு குறைந்திருந்ததாக என் மகள் படித்துச் சொன்னாள். வேகம் கூடும் என்பதற்காக மட்டும் மனிதரை விலக்கிவிடக் கூடாது என்பதே என் கருத்து.

அறிக்கையில் ‘ஏ.எஸ்.சி.-யு.எஸ்.’ என்றிருந்தது. இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாத மாறுதல் என்பதே அதன் பொருள், புற்றுநோய் என்பதன்று. மாதவிலக்கு நின்றபின் செல்கள் மெலிந்து போவதாலும் இத்தகைய ஐயம் எழக்கூடும் என்றார் மருத்துவர். குப்பியில் எஞ்சிய திரவத்திலேயே, இப்புற்றுநோய்க்குக் காரணமாகும் எச்.பி.வி. வைரஸுக்கான சோதனையும் செய்ய முடிந்ததால், மீண்டும் மாதிரி கொடுக்க நான் பேருந்து ஏற வேண்டியிருக்கவில்லை. வைரஸ் இல்லை என்று முடிவு வந்தது.

அடுத்த சோதனை 3 ஆண்டுகள் கழித்துத்தான். இடையில் உதிரப்போக்கு தென்பட்டால் அதுவரை காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தந்திருக்கிறார். அறிக்கையின் நகலொன்றைச் செவிலியரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.