சோபாவுக்கு மேலே ஆறு ஃபிரேம்கள்: ஒரு சுவர், நான்கு வாரம்

வேலை செய்தது ஒரே ஒரு சுவரில்தான். வரவேற்பறையில் சோபாவுக்குப் பின்னால் உள்ளது, 360 செ.மீ. அகலம், 270 செ.மீ. உயரம். உள்ளே வருகிறவர் அதைப் பார்த்ததுமே இந்த வீட்டில் இருப்பவர்களுக்கு எதில் மனம் ஒட்டியிருக்கிறது என்று தெரிய வேண்டும். அதனால் அலங்காரத்துக்கென்று புதிதாகப் படம் எதுவும் வாங்குவதில்லை என்று முதலிலேயே முடிவானது.

முதல் வாரம்: பொருள் முதலில், நிறம் பிறகு

பெரும்பாலும் பெயின்ட் அட்டையைப் பார்த்து நிறத்தை முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருத்தமான பொருளைத் தேடுவார்கள். அப்படிச் செய்தால் அறை அழகாக இருக்கும், ஆனால் யாருடைய அறையாகவும் இருக்கலாம். இங்கே வரிசை தலைகீழ். அலமாரிகளில் இருந்த பத்தொன்பது பொருள்களைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது தொலைந்தால் தேடுவோமா? தேறியவை ஆறு. மடிப்புக் கோடுகளோடு பழைய மலைப்பாதை வரைபடம், கையால் எழுதிய கடிதம், உலர்ந்த இலைகள், கறுப்பு வெள்ளைப் புகைப்படம், வெளுத்த அவுரி நீலத் துணித்துண்டு, பாஸ்டல் (வண்ணப் பொடிக்கட்டி) ஓவியம்.

ஆறும் ஒன்றோடொன்று ஒட்டாத சாதி. அதனால் ஃபிரேம்கள் ஒரே மரம், ஒரே 2 செ.மீ. பட்டை. உள்ளே எவ்வளவு கலவையோ, வெளியே அவ்வளவு ஒழுங்கு வேண்டும். இரண்டும் கலவையானால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும்.

நிறம் துணியிலிருந்து எடுத்தது. சாம்பல் கலந்த நீலத்தில் மூன்று சாயல்களை தடித்த வெள்ளை அட்டைகளில் இரண்டு கோட் பூசினோம், சுற்றிலும் 5 செ.மீ. வெள்ளை விட்டு. நேராகச் சுவரில் பூசிப் பார்த்தால் பக்கத்தில் உள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். அட்டைகளைக் காலை, மதியம், இரவு விளக்கு என்று மூன்று வெளிச்சத்திலும் பார்த்ததில், பகலில் பிடித்திருந்த சாயல் இரவில் பச்சையோடிய சாம்பலாகிவிட்டது. மஞ்சள் சாயல் விளக்கில் நீல ஒளி குறைவு, அதுதான் காரணம். இன்னொன்று: சிறு அட்டையில் பார்த்ததைவிடப் பெரிய சுவரில் நிறம் பெரும்பாலும் அழுத்தமாகவே தெரியும். அதனால் பிடித்த சாயலைவிட ஒரு படி மங்கலானதை எடுத்தோம்.

இரண்டாம் வாரம்: பெயின்ட்

பரப்பு 9.7 சதுர மீட்டர். லிட்டருக்கு ஒரு கோட் 10 முதல் 12 சதுர மீட்டர் வரும் என்பதால் இரண்டு கோட்டுக்கு 2 லிட்டர் எமல்ஷன். பளபளப்பு இல்லாத வகைதான் எடுத்தது, சுவரின் மேடு பள்ளம் அதில் தெரியாது. ஆனால் சோபா உரசும் இடத்தில் அழுக்கு ஏறும், ஆகவே துடைக்கக்கூடிய வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இங்கே ஒரு தவறு நடந்தது. பழைய ஆணித் துளைகளில் புட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, அப்படியே முதல் கோட் அடித்தாயிற்று. காய்ந்ததும் புட்டி வைத்த ஐந்து இடங்களும் திட்டுத்திட்டாகத் தெரிந்தன. புட்டி பெயின்ட்டைச் சுற்றியுள்ள சுவரைவிட வேகமாக உறிஞ்சும், அதனால்தான் திட்டு. மேலே இன்னும் இரண்டு கோட் அடித்தாலும் லேசாகத் தெரிந்துகொண்டே இருக்கும். திட்டுகளில் மட்டும் பிரைமர் (அடிப்பூச்சு) பூசி, காயவிட்டு, முழுச் சுவருக்கும் இரண்டாம் கோட் போட்ட பிறகே சரியானது. ரோலரை மேலிருந்து கீழாக ஓட்டும்போது, ஒரு பட்டையின் ஓரம் காய்வதற்குள் அடுத்த பட்டை அதன்மேல் கொஞ்சம் ஏற வேண்டும். நடுவில் நிறுத்தினால் கோடு விழும். மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட்டின் ஈரம் முழுதும் போகுமுன் சாய்வாக இழுத்து எடுத்தோம், காய்ந்தபின் இழுத்தால் பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வரும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே ஃபிரேம் மாட்டக் கூடாது. பெயின்ட் முழுதாக இறுக 2 முதல் 4 வாரம் ஆகும். அதற்குள் ஃபிரேமின் ரப்பர்க் காலைச் சுவரோடு அழுத்தி வைத்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

காத்திருந்த நாள்களில்: ஃபிரேமுக்குள்

துணியைப் பசை போட்டு ஒட்டவே கூடாது. அமிலமில்லாத அட்டையை வெள்ளைப் பருத்தித் துணியால் மூடி, அதன்மேல் நீலத் துண்டை விளிம்புகளில் மட்டும் பருத்தி நூலால் தளர்வாகத் தைத்தது. கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளிக் கட்டை. கண்ணாடி துணியைத் தொட்டால் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

கடிதத்தின் மை வெளிச்சத்தில் மங்கும். ஆகவே சுவரில் இருப்பது 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்த நகல், அசல் இருட்டில் பத்திரமாக இருக்கிறது. செல்லோடேப் எதிலும் பயன்படுத்தவில்லை, சில வருடத்தில் மஞ்சள் கறை விடும்.

வரைபடத்தின் ஃபிரேம் 60 x 90 செ.மீ. அதற்கு 2 மி.மீ. கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டுமே 2.7 கிலோ, அதே தடிமனில் அக்ரிலிக் (கண்ணாடி போன்ற தெளிவான பிளாஸ்டிக் தகடு) என்றால் 1.3 கிலோ. அக்ரிலிக்தான் போட்டது. ஆனால் பாஸ்டல் ஓவியத்துக்கு அக்ரிலிக் கூடாது. அதில் ஏறும் நிலைமின்சாரம் பாஸ்டல் பொடியை இழுத்துக்கொள்ளும். அதற்கு மட்டும் கண்ணாடி.

நான்காம் வாரம்: மாட்டுதல்

சோபாவின் நீளம் 200 செ.மீ. படக்கூட்டத்தின் அகலம் அதில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் கண்ணுக்குப் பொருந்தும். கணக்கு இப்படி வந்தது: இடப்பக்கம் வரைபடம், 60 x 90. நடுவில் 33 x 26 அளவில் மூன்று, ஒன்றின் கீழ் ஒன்று. வலப்பக்கம் 33 x 42 அளவில் இரண்டு. எல்லா இடைவெளியும் 6 செ.மீ. மொத்தம் 138 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம், வெளிவிளிம்பு நேரான செவ்வகம். சோபாவின் முதுகு 85 செ.மீ., அதற்கு மேல் 20 செ.மீ. விட்டால் கூட்டத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 150 செ.மீ.யில் நிற்கும். நிற்பவரின் கண்மட்டம் ஏறக்குறைய அதுதான். பலரும் இதைவிட மிக உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள், படம் சோபாவோடு சேராமல் தனியே மிதப்பது அதனால்தான்.

ஃபிரேம் அளவுக்கே தாள் வெட்டி, அந்த மாஸ்கிங் டேப்பாலேயே சுவரில் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டோம். நடு வரிசையில் கடிதமும் புகைப்படமும் இடம் மாறியது அப்போதுதான். பிறகு ஒவ்வொரு ஃபிரேமின் பின்கம்பியையும் நடுவில் மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, கம்பிக்கும் மேல்விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து தாளில் குறித்து, தாளோடு சேர்த்தே துளையிட்டது. இழுக்காமல் தொய்வாக அளந்தால் படம் நினைத்ததைவிடக் கீழே போய் உட்காரும்.

6 மி.மீ. பிட், 6 x 30 பிளக், 4 x 40 மி.மீ. ஸ்குரூ. ஆழம் 40 மி.மீ., பிட்டில் அந்த இடத்தில் டேப் சுற்றி அடையாளம். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒயர் ஓடக்கூடும், அந்தப் பட்டைகளில் துளை போடவில்லை. வரைபடத்துக்கு மட்டும் கம்பி இல்லாமல் இரண்டு வளையம், இரண்டு ஸ்குரூ. கனமான படம் ஒரே ஸ்குரூவில் நாளாக ஆகச் சாயும். இரண்டு துளைகளையும் ரசமட்டம் வைத்தே குறிக்க வேண்டும், 2 மி.மீ. வித்தியாசம்கூட கண்ணில் உறுத்தும்.

ஒரு துளையில் பூச்சு உதிர்ந்து பிளக் உள்ளேயே சுற்றியது. டிரில்லில் அதிர்வு முறையை முதலிலேயே போட்டதுதான் பிழை. பூச்சைத் தாண்டிச் செங்கல் தட்டும்வரை சாதாரணச் சுழற்சி போதும். அந்த இடத்தில் 8 மி.மீ. பிளக்கும் 5 மி.மீ. ஸ்குரூவும் போட்டுச் சரிசெய்தாயிற்று. தீக்குச்சி செருகி இறுக்குவது சின்னப் படத்துக்கு ஆகும், கனமானதுக்கு நம்ப முடியாது.

விளக்கு

கூரையில் சுவரிலிருந்து 70 செ.மீ. தள்ளி விளக்கு. படங்களின் நடுவுக்கு ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் ஒளி விழும், கண்ணாடி கண்ணில் அடிக்காது. 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல் ஒளி; நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு (CRI) நூற்றுக்கு 90க்கு மேல். முன்பிருந்த சாதாரண பல்பில் அவுரி நீலம் செத்துக் கிடந்தது, இதில் நூலின் ஏற்ற இறக்கம்கூடத் தெரிகிறது.

நடு வரிசை மூன்றுக்கும் பின்பலகையை ஆணியடித்து மூடவில்லை, திருப்பிவிடும் தகட்டுக் கொக்கிகள்தான். இலைகள் பழுப்பேறத் தொடங்கியதும் வேறு இலைகள் வைக்க ஐந்து நிமிடம் போதும்.