கருப்பு அடித்த வட்டம்

"என்னை மட்டும் கருப்பா அடிச்சிட்டீங்களே அக்கா" என்று அந்தப் பெண் கேட்டாள். நான் "அது எங்க வழக்கம்மா" என்றேன். எட்டு மாதம் ஆகிறது. அந்த நேரத்தில் என்னிடம் வேறொரு பதிலும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டது சரியா தப்பா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

தாராவியிலிருந்து வந்தவர்கள், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அம்மாவும் இரண்டு மகள்களும். எங்கள் பிரிவில் தமிழ் தெரிந்த மரபியல் ஆலோசகர் நான் ஒருத்திதான், அதனால் தமிழ்க் குடும்பம் என்றால் ஃபைல் நேராக என் மேசைக்கு வந்துவிடும். பெரியவளுக்கு இருபத்தாறு வயது, விரல் நுனிகளிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி. ஆனால் வந்தது அவளுக்காக இல்லை. சின்னவளுக்கு ஊரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், "இந்தப் பிள்ளைக்கும் வராது" என்று பம்பாயில் ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்களாம் மாப்பிள்ளை வீட்டில். நான் டாக்டர் இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். அந்த அம்மா கடைசிவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்.

அவர் வெண்குஷ்டம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இது குஷ்டமே இல்லை, கிருமியால் வருவது இல்லை, தொட்டால் ஒட்டாது, தமிழ்நாட்டு அரசாங்கமே அந்தப் பெயரை விட்டுவிட்டு வெண்புள்ளி என்று மாற்றியிருக்கிறது என்றேன். "அரசாங்கமா வந்து பொண்ணு கட்டப் போகுது" என்றார். அதற்கு மேல் நான் பேச்சை வளர்க்கவில்லை.

குடும்பப் படம் வரைவதுதான் எங்கள் வேலையில் முதல் படி. ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம், கேட்கிற நோய் யாருக்கு இருக்கிறதோ அவருக்கு உள்ளே முழுக்கக் கருப்பு. மூன்று தலைமுறைக்குக் கேட்டுக் கேட்டு வரைந்தேன். பதினேழு பேர், கருப்பு ஒன்றே ஒன்று, பெரியவளுடைய வட்டம். அவள் கண் முன்னாலேயே, பேனாவை நன்றாக அழுத்தி.

அப்புறம்தான் அம்மா கேட்டார். "சின்னவளுக்கு அந்த ஜீன் இல்லைன்னு ஒரு வரி எழுதித் தாங்கம்மா, கும்பிடுதேன்." அந்த ஜீன் என்று ஒன்று இருந்தால் பார்த்துச் சொல்லிவிடலாமே. இதற்குத் தொடர்புடைய மரபணு இடங்கள் 50 வரை கண்டுபிடித்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் ரத்தத்தில் தேடிக் கண்டவை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலுக்கு நிறம் தருகிற செல்களைத் தாக்குவதால்தான் வெண்புள்ளி வருகிறது, அவற்றில் நிறைய இடங்களும் அந்தச் சக்தியை நடத்துகிறவை, எச்எல்ஏ, என்எல்ஆர்பி1, பிடிபிஎன்22 என்று. டைரோசினேஸ் மாதிரி தோலுக்கு நிறம் தருகிற வேலையைச் செய்வதும் உண்டு. ஒவ்வொன்றும் தனியாகக் கொஞ்சம்தான் தள்ளும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களில் ஒருவருக்கு வெண்புள்ளி வந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றில் 23 பேருக்குத்தான் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஜீன் முழுக்க ஒன்றாக இருந்தே அவ்வளவுதான் என்றால், ஒரு பரிசோதனையை வைத்து "வராது" என்று யார் எழுத முடியும்?

இதையெல்லாம் எளிமையாகத்தான் சொன்னேன். கூடப்பிறந்தவர்களில் நூற்றில் 94 பேருக்கு வராது என்று நல்ல பக்கத்திலிருந்தே சொன்னேன். இந்த நோய் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இருபது வயதுக்குள்ளேயே தெரிந்துவிடும், இவளுக்கு இருபத்திமூன்று ஆகிறது என்றும் சொன்னேன். அவர், "அப்போ ஆறு பேருக்கு வருமா?" என்றார். பொதுவாகவே நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வருகிறதுதான், அதைவிட இது கூடுதல், ஆமாம் என்றேன். பொய் சொல்ல முடியாது. அம்மா திரும்பிப் பெரியவளைப் பார்த்தார். திட்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். அப்போதுதான் அவள் மேசையில் கிடந்த படத்தில் விரலை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

சொல்லாமல் விட்டது இதுதான். குடும்ப விவரம் சொல்லும்போது அம்மா போகிறபோக்கில், ஒன்பது வருஷமாகத் தைராய்டு மாத்திரை போடுவதாகச் சொன்னார். தன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கினாலும் சுரப்பு குறையும். அப்படி வருகிற தைராய்டுக் குறையும் வெண்புள்ளியும் பல குடும்பங்களில் சேர்ந்தே ஓடும், அந்த 50 இடங்களில் சில இரண்டுக்கும் பொது. நான் வெண்புள்ளிக்கு மட்டும் என்று வரையாமல் எதிர்ப்புச் சக்திக் கோளாறு எல்லாவற்றுக்கும் சேர்த்து வரைந்திருந்தால் அம்மாவின் வட்டத்திலும் பாதி கருப்பு விழுந்திருக்கலாம். "நீ மட்டும் இல்லம்மா" என்று அவளிடம் சொல்லியிருக்கலாம்.

சொன்னால் அந்த அம்மா என்ன ஆவார்? என் வயிற்றிலிருந்துதான் வந்ததா என்று அங்கேயே அழுதிருப்பார். மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டாவதாக ஒரு வியாதியும் கிடைத்திருக்கும். தவிர, அவருடைய தைராய்டு அந்த வகைதானா என்று, தைராய்டைத் தாக்குகிற ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா எனப் பார்க்காமல் தெரியாது, தெரியாததைச் சொல்வது என் வேலை இல்லை. இப்படி நினைக்கும்போது நான் செய்தது சரி. ஆனால் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கலாமே? வெண்புள்ளி இருக்கிற பெரியவளுக்கே தைராய்டு பார்ப்பது நல்லது, அதையாவது சொன்னேனா என்றால், சொல்லவில்லை. அன்று அவள் என் நோயாளி இல்லை, தங்கையின் ஃபைலில் ஒரு குடும்ப வரலாறு, அவ்வளவுதான். நானும் அவளை அப்படித்தான் நடத்தியிருக்கிறேன்.

கேட்ட ஒரு வரியை எழுதித் தரவில்லை. இப்படி ஒரு பரிசோதனையே கிடையாது, இது தொற்று இல்லை என்று பொதுவாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கல்யாணம் நடந்ததா தெரியாது. இப்போதெல்லாம் குடும்பத்தார் எதிரில் கருப்பு அடிப்பதில்லை, அவர்கள் போன பிறகு அடிக்கிறேன். அது யாருக்காக என்று கேட்டால் எனக்கே பதில் தெரியவில்லை.

கிளம்பும்போது பெரியவள் அந்தப் படத்தை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எடுத்துக்கோ என்றேன். அம்மாவின் வட்டத்துக்கு வெளியே பென்சிலில் சின்னதாக "தைராய்டு மாத்திரை, 9 வருடம்" என்று நான் குறித்து வைத்திருந்ததும் அந்த போட்டோவில் விழுந்திருக்கும்.