மூக்கில் நிற்காத கண்ணாடிக்கு யார் பணம் போடுவார்?

நானும் என் மச்சானும் சேர்ந்து செய்திருப்பது, ராத்திரியில் கண் அசரும் ஓட்டுநரை உசுப்பிவிடும் ஒரு கண்ணாடி. மச்சானுக்குக் கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், கண்ணாடிக் கடை. நான் எலக்ட்ரானிக்ஸ் ஆள். பிரேமின் ஓரத்தில் சின்னதாக ஓர் அகச்சிவப்பு எல்.இ.டி., பக்கத்திலேயே சென்சார். இமை திறந்திருந்தால் திரும்பி வரும் ஒளி ஓர் அளவு, மூடினால் வேறு அளவு. ஒரு விநாடிக்கு மேல் மூடியே இருந்தால் காதுக்குப் பின்னால் மோட்டார் அதிரும். துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு விடிய விடிய ஓட்டுகிறவர்களுக்காகச் செய்தது. கண்ணில் மாட்டும் எதையாவது செய்துவைத்துக்கொண்டு பணம் தேடுகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கம்பெனியை எங்கே பதிவு செய்வது என்பதே முதல் குழப்பம். எங்களுக்குப் பஸ்ஸில் முள்ளோடை வந்தால் புதுச்சேரி. காகிதத்தில் அது வேறு அரசு. தமிழ்நாடு அரசு ஸ்டார்ட்அப்புகளுக்குத் தரும் டான்சீட் தொடக்க நிதி வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் பதிவாகியிருக்க வேண்டும். 2021இல் வந்த மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதிக்கு எந்த மாநிலம் என்ற கணக்கில்லை. புதுக் கம்பெனிகளுக்குக் கைகொடுக்கும் இன்குபேட்டர் வழியாக, மாதிரி செய்ய 20 லட்சம் வரை மானியம் கிடைக்கும். ஆனால் விண்ணப்பிக்கும்போது கம்பெனி தொடங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அதனால் அவசரப்பட்டுப் பதிவு செய்யாதீர்கள். நாங்கள் கடலூரையே முகவரியாகக் கொடுத்தோம்.

யாரிடமும் காட்டுவதற்கு முன்னால் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிட்டோம். நம் பகுதிக்குச் சென்னை கிண்டி அலுவலகம். ஆன்லைனிலேயே போடலாம், தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் 1,600 ரூபாய்தான். போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு தர வேண்டும், தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் முதலீட்டாளர்கள் சிரிப்பார்கள், ஆகவே இந்தக் காகிதம்தான் நமக்குத் துணை.

இனி, பணம் கேட்கும் கூட்டங்கள்.

வருகிற முதலீட்டாளர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தொட்டவர்கள். கிட்டத்தட்ட எல்லாருமே பவர் கண்ணாடி போட்டவர்கள். எங்களுடையதை மாட்டிப் பார்க்க வேண்டுமென்றால் அவர் தம்முடையதைக் கழற்ற வேண்டும். கழற்றினால் திரையில் ஓடும் ஸ்லைடு அவருக்கு மங்கல். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் ஸ்லைடு ஓடும்வரை கண்ணாடியை வெளியே எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். லேப்டாப்பை மூடிய பிறகுதான் டப்பா திறக்கும்.

அப்புறம் மூக்கு. சென்சார் இமையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். சில மில்லிமீட்டர் கீழே சரிந்தாலே கன்னத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும், பிறகு கண்ணை மூடினாலும் திறந்தாலும் அதற்கு ஒன்றுதான். கடலோர வியர்வையில் எந்தக் கண்ணாடிதான் சரியாமல் நிற்கிறது? இங்கேதான் மச்சானின் கைவேலை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து போவார். "சார், கொஞ்சம் நிமிர்ந்து என்னைப் பாருங்க" என்பார். முன்னாலிருந்து ஒரு பார்வை, பக்கத்திலிருந்து ஒரு பார்வை. சட்டைப் பையிலிருந்து குறடை எடுத்து மூக்குத் தாங்கிகளை ஒரு சிட்டிகை நெருக்குவார். காதுக் கம்பியின் நுனியைச் சூடு காட்டி வளைத்து, விரலால் தொட்டுப் பார்த்து ஆறிய பிறகு மாட்டிவிடுவார். கடையில் நாள் முழுக்கச் செய்கிற வேலைதான். புதுச்சேரியில் ஒரு கூட்டத்தில், ஒரு பெரியவர் தம்முடைய சொந்தக் கண்ணாடியையும் நீட்டி, "இதிலே திருகாணி ஆடுது, பாருங்க" என்றார். மச்சான் முடுக்கிக் கொடுத்தார். பின்னால் முதலில் பணம் போட்டவர் அவர்தான். திருகாணிக்குப் போட்ட பணம் என்று நான் இன்னும் கேலி செய்வதுண்டு.

வெளிச்சத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கிறது. எல்.இ.டி.யைக் குறிப்பிட்ட வேகத்தில் துடிக்கவிட்டு அந்தத் துடிப்பை மட்டும் பிரித்தெடுத்தாலும், நேர் வெயில் பட்டால் சென்சார் திணறிவிடும். கடற்கரைப் பக்கத்து ஓட்டல்களில் கிழக்கே பார்த்த கண்ணாடிச் சுவர் என்றால் காலைக் கூட்டத்துக்குச் சீக்கிரமே போய்த் திரையை இழுத்துவிடுவேன். ராத்திரி ஓட்டும் வண்டிக்கு இது சிக்கலே இல்லை. ஆனால் கூட்டம் வைப்பது பகலில்தானே.

கேள்விகளில் தவறாமல் வருவது, "கூகுளே விட்டுட்டானே?" 2013இல் 1,500 டாலருக்கு விற்ற கூகுள் கிளாஸ், 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தியது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதில் கேமரா இருந்தது, எதிரே நின்றவர்களுக்கு உறுத்தியது; எங்களுடையதில் கேமராவே இல்லை என்போம். உடனே, "டேஷ்போர்டில் ஒரு கேமரா வைத்தால் போதாதா?" என்பார்கள். போதும்தான். ஆனால் தன் முகத்தை முதலாளி பார்த்துக்கொண்டே இருப்பது எந்த ஓட்டுநருக்கும் பிடிக்காது.

இதிலே ஒரு சண்டையும் வந்தது. ஓட்டுநர் எத்தனை தடவை கண் அசந்தார் என்பதை வண்டி முதலாளிக்குக் காட்டினால் விற்பனை கூடும் என்று முதலீட்டாளரான ஒரு மேடம் வாதாடினார். எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தார் என்பதை மட்டும்தான் காட்டுவோம் என்றேன். மற்றதையும் காட்டினால் முதல் டீக்கடையிலேயே கழற்றி வைத்துவிடுவார்கள். அந்த மேடம் விலகிக்கொண்டார். எங்களுக்கு அதில் வருத்தம் இல்லை.

சம்மதம் கிடைத்த பிறகு வருவது காகித வேலை, இது யாரும் சொல்லாத அளவுக்கு இழுக்கும். ஒருவர் ஐந்து லட்சம், ஒருவர் எட்டு லட்சம் என்று சின்னச் சின்னத் தொகையாக வந்ததால், இப்போது கடனாக வாங்கிப் பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளும் மாற்றத்தக்க கடன்பத்திரம் சரிப்படவில்லை. அதற்கு ஒரே ஆள் ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் தர வேண்டும். அதனால் பின்னால் கட்டாயமாகச் சாதாரணப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கு என்று முடிவானது. அதற்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். பணம் தனிக் கணக்கில் வர வேண்டும், வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 15 நாளுக்குள் அதைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் பாஸ்-3 படிவம் போட வேண்டும். அந்தப் படிவம் போகும்வரை ஒரு ரூபாய் எடுக்கக் கூடாது. கணக்கில் லட்சங்கள் கிடக்கும்போது பேட்டரிக்காரருக்குக் கடன் சொல்லிக்கொண்டிருந்தோம். கம்பெனியின் மதிப்புக்கு மேல் விலை வைத்துப் பங்கு விற்றால் அந்த அதிகப் பணத்துக்கு விழுந்த ஏஞ்சல் வரி 2024 பட்ஜெட்டில் ஒழிந்துவிட்டதால் ஒரு தலைவலி குறைவு.

சான்றிதழ் செலவையும் முன்கூட்டியே கேட்பார்கள். லித்தியம் பேட்டரிக்கு ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தரச் சான்று, ப்ளூடூத்துக்கு மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூ.பி.சி. ஒப்புதல், கண்ணுக்கு அருகே அகச்சிவப்பு என்பதால் ஐ.இ.சி. 62471 என்ற ஒளிப் பாதுகாப்புச் சோதனை. மூன்றையும் ஸ்லைடிலேயே போட்டுவிடுங்கள்.

பணம் இரண்டு தவணை. இரண்டாவது வர, சோதனைக்குக் கொடுத்த ஓட்டுநர்கள் யாரும் சொல்லாமல் தாங்களாகவே மாட்டிக்கொண்டு ஓட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை. நியாயம்தான். "தம்பி, திண்டிவனம் தாண்டறதுக்குள்ள காது வலிக்குது" என்று ஓர் அண்ணன் சொன்னதால், பேட்டரியை ஒரு பக்கக் கம்பியில் வைக்காமல் இரண்டு பக்கத்துக்கும் பிரித்திருக்கிறோம். மூக்குத் தாங்கியை மூன்று அளவில் வார்க்க அச்சுக்கும் ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. முதல் தவணையில் பாதிக்கு மேல் அந்த அச்சுக்கே போகிறது.