சோப்புக்கும் தைலத்துக்கும் பிளாஸ்டிக் இல்லாத டப்பா தேடிய கதை

போன வருஷம் மழைக்கு முன்னால் வந்து இறங்கிய காகிதக் குழாய்களை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. லிப் பாம் ஊற்றி வைத்த சில நாளிலேயே குழாயின் அடியில் எண்ணெய் கசிந்து, மேலே ஒட்டியிருந்த லேபிள் வரை ஏறிவிட்டது. சாம்பிளாகக் கொடுத்தது ஒன்று, மொத்தமாக அனுப்பியது வேறு. சப்ளையரிடம் கேட்டால், "மேடம், பேப்பர் என்றால் கொஞ்சம் ஊறத்தான் செய்யும்" என்கிறார். அப்படியானால் சாம்பிள் ஏன் ஊறவில்லை என்று கேட்டேன். இன்று வரை பதில் இல்லை. பணமும் பாதிதான் திரும்பி வந்தது.

நானும் என் நாத்தனாரும் மும்பை செம்பூரில் இருந்துகொண்டு சோப்பு, கூந்தல் தைலம், லிப் பாம், கற்றாழை ஜெல் விற்கிறோம். தயாரிப்பு, லைசென்ஸ் உள்ள வேறொருவரின் யூனிட்டில் நடக்கிறது. 2020-ஆம் ஆண்டு காஸ்மெட்டிக்ஸ் விதிகளின்படி லோன் லைசென்ஸ் (அடுத்தவர் யூனிட்டில் நம் பெயரில் தயாரிக்கும் அனுமதி) வாங்கியதில் சிக்கல் எதுவும் வரவில்லை. பேக்கிங் மட்டும் தாராவியில் ஒரு சின்ன இடத்தை வாடகைக்கு எடுத்துச் செய்கிறோம். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயையும் நல்ல தேன்மெழுகையும் தேடித் தேடி வாங்கிவிட்டு, கடைசியில் குப்பைக்குப் போகிற பிளாஸ்டிக் டப்பாவில் அடைப்பது இரண்டு பேருக்குமே உறுத்திக்கொண்டே இருந்தது. சரி, மாற்றிவிடலாம் என்று இறங்கினோம்.

முதலில் போனது மஸ்ஜித் பந்தர். பாட்டில், டப்பா, மூடி என்று மொத்த வியாபாரம் நடக்கிற இடம். ஆனால் அங்கே எதைக் கேட்டாலும் "ஈகோ ஃப்ரெண்ட்லி" என்றுதான் பதில் வரும். இலை படம் போட்ட கேட்லாக்கை நீட்டுவார்கள். அதை நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள். காகிதக் குழாயோ காகித உறையோ, ஒன்றைக் கையோடு வாங்கி வந்து வீட்டில் கிழித்துப் பாருங்கள். காகிதம் கிழிந்த பிறகும் மெல்லிய சவ்வு ஒன்று இழுபட்டுக்கொண்டு வந்தால் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. சந்தேகம் தீரவில்லையா, ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுங்கள். வெறும் காகிதம் காலையில் கூழாகியிருக்கும். பூச்சு உள்ளது ஒரு தோலை மட்டும் தனியாகக் கழற்றிக் காட்டும். நாங்கள் வாங்கி வந்த குழாய்களில் பெரும்பாலானவை தோல் உரித்தன. காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய இந்தக் கலப்புச் சரக்கை மறுசுழற்சிக்கு எடுப்பவர் அநேகமாக இல்லை. அதைவிடத் தனிப் பிளாஸ்டிக்கே மேல்.

இதை எனக்குப் புரியவைத்தது எந்தக் கேட்லாக்கும் இல்லை, தாராவி 13-ஆம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக் பிரிக்கும் ஓர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் பேக்கிங் இடத்துக்கு நடக்கிற தூரம்தான். வாங்கிய சாம்பிள்களை ஒரு பையில் போட்டு அவர் முன்னால் கொட்டினேன். முதலில் பம்ப் வைத்த ஒரு பாட்டிலை எடுத்தார். பாட்டிலை விரலால் சுண்டி, சத்தத்தைக் கேட்டு, ஒரு மூலையில் வீசினார். பம்ப்பைத் திருகி உடைத்தார். உள்ளே இருந்து சின்ன இரும்பு ஸ்பிரிங் துள்ளி விழுந்தது.

"ஏம்மா, இதுல ஸ்பிரிங்கு ஒண்ணு, குழா ஒரு ஜாதி, தலை ஒரு ஜாதி. இதப் பிரிக்க ஆளுக்குக் கூலி குடுத்தா எனக்கு என்ன மிஞ்சும்? எவனும் எடுக்க மாட்டான்."

அப்புறம் ஒரு மூடியையும் ஒரு பாட்டிலையும் துண்டு துண்டாக வெட்டிப் பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டினார். பிபி (பாலிபுரொப்பிலீன்) பிளாஸ்டிக்கான மூடி மிதந்தது. பெட் பாட்டிலின், அதாவது தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்கின், துண்டு நேராக அடியில் போய் உட்கார்ந்தது. ஷாம்பு பாட்டில் செய்கிற கெட்டிப் பாலிதீனான எச்.டி.யும் மிதக்கும். இப்படித்தான் பிரிக்கிறார்கள். கறுப்பு நிறம் வேண்டாம், கலர் போட்டாலே ரேட் இறங்கும், பாட்டில் முழுக்கப் பிளாஸ்டிக் லேபிள் சுற்றாதே என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டே வந்தேன். பேக்கேஜிங் விற்பவரிடம் கேட்பதற்கு முன்னால், அதைக் குப்பையிலிருந்து காசு கொடுத்து வாங்குபவரிடம் கேளுங்கள். இந்த ஒன்றை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது 'கம்போஸ்டபிள்' உறை. சோப்புக்குப் போட, கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், மக்கிவிடும் என்று ஒருவர் தேடி வந்து விற்கப் பார்த்தார். மக்கும் பிளாஸ்டிக் என்று விற்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். தரம் ஐஎஸ் 17088. "சான்றிதழ் இருக்கிறதா?" என்றதும் வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. திறந்து பார்த்தால் வேறொரு கம்பெனி பெயர், அதுவும் கேரி பேக்குக்கு வாங்கியது. திருப்பிக் கேட்டதும் ஆள் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். சான்றிதழ் சரியாகவே இருந்தாலும், பிஎல்ஏ (மாவுச்சத்து போன்றவற்றிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) வகை உறை மக்குவதற்குப் பெரிய உரக்கிடங்கின் சூடு வேண்டும், 55 - 60 டிகிரி போல. பால்கனித் தொட்டியில் போட்டால் அப்படியே கிடக்கும். பெட் பாட்டில்களோடு கலந்து போனால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, அந்தச் சரக்கையும் கெடுக்கும். வாடிக்கையாளரிடம் 'மக்கும்' என்று சொல்லிவிட்டு இதைக் கொடுக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

சோப்பு விஷயம் உண்மையில் சுலபமாக முடிந்தது. பூச்சில்லாத காகிதத்தில் சுற்றி, மேலே ஒரு அட்டைப் பட்டை. மும்பை மழையில் கிளிசரின் இருக்கிற சோப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வியர்க்கும். இறுக்கமான பிளாஸ்டிக்கில் அந்த வியர்வை உள்ளேயே நிற்கும். காகிதத்தில் கொஞ்சம் மூச்சு விடுகிறது. அலுமினிய டப்பாவில் மட்டும் சோப்பைப் போட்டு விற்காதீர்கள். ஈரச் சோப்பின் காரம் அலுமினியத்தை அரித்துவிடும்.

லிப் பாமுக்குக் காகிதக் குழாய் கைவிட்ட பிறகு அலுமினிய டப்பாவுக்கு வந்தோம். இங்கேயும் ஒரு ஏமாற்று. அலுமினியம் என்று பில் போட்டுத் தகரத்தைத் தள்ளப் பார்த்தார்கள். ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டுகிற காந்தம் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் தகரம், ஒட்டாவிட்டால் அலுமினியம். தகரத்தையும் உருக்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் நம் ஊர் ஈரத்தில் மடிப்பு ஓரத்தில் துரு வந்துவிடும், உதட்டில் தடவுகிற பொருளில் அதை எப்படி அனுமதிப்பது? மூட்டையைப் பிரித்து மேலே, நடுவே, அடியே என்று எடுத்துக் காந்தம் வைத்தேன். அடியில் இருந்தவை ஒட்டின. கடைக்காரர் முகம் மாறிவிட்டது. மறுபேச்சு இல்லாமல் மொத்தத்தையும் மாற்றிக் கொடுத்தார். இத்தனை அலைச்சலில் அன்றைக்கு ஒரு நாள்தான் சிரித்துக்கொண்டே ரயில் ஏறினேன்.

இன்னொரு தலைவலி மினிமம் ஆர்டர். நேரடியாக அச்சிட்ட டப்பா வேண்டுமென்றால் 5,000-க்குக் கீழே பேச மறுக்கிறார்கள். எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் சயானிலும் மாட்டுங்காவிலும் இதே தொழில் செய்யும் இரண்டு பேரோடு சேர்ந்து, அச்சிடாத ஒரே அளவு டப்பாவை வாங்கிப் பிரித்துக்கொண்டோம். லேபிள் அவரவர் பாடு.

கூந்தல் தைலத்துக்குப் பழுப்புக் கண்ணாடி பாட்டில். வெளிச்சம் பட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், பழுப்பு நிறம் அதைத் தடுக்கும். ஆனால் 100 மில்லி எண்ணெய்க்கு ஏறக்குறைய அதே எடையில் பாட்டில், கூரியர் செலவு அப்படியே ஏறியது. உடைந்ததற்குக் கூரியர்காரர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள், 'ஃப்ராஜைல்' ஸ்டிக்கரை யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. தேன்கூடு போல விரியும் காகிதத்தை இரண்டு சுற்று சுற்றி, பெட்டிக்குள் அசையாதபடி அடைத்து, இடுப்பு உயரத்திலிருந்து ஒவ்வொரு முனையும் தரையில் படும்படி போட்டுப் பார்த்த பிறகுதான் தைரியம் வந்தது. செம்பூர், மாட்டுங்கா வாடிக்கையாளர்கள் காலி பாட்டிலைத் திருப்பித் தருகிறார்கள். யூனிட்டில் கழுவி, கொதிநீரில் போட்டு, ஓவனில் உலர்த்தித் தைலத்துக்கு மட்டும் மறுபடி எடுக்கிறோம். ஒரு துளி ஈரம் இருந்தாலும் எண்ணெய் கெட்டுவிடும். மூடி எப்போதும் புதிது.

கற்றாழை ஜெல்லுக்குப் பிளாஸ்டிக்தான். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. தண்ணீர் உள்ள பொருள், வாயகன்ற கண்ணாடி டப்பாவில் எல்லாரும் விரலை விட்டால் கிருமி சேரும். குளியலறையில் கைநழுவினால் குழந்தைகள் காலில் குத்தும். அண்ணாச்சி சொன்னபடி கலர் போடாத எச்.டி. பாட்டில், பம்ப் இல்லை, தட்டித் திறக்கும் மூடி. யூனிட்டின் கெமிஸ்ட் 40 டிகிரி சூட்டிலும் 75 சதவீத ஈரத்திலும் மூன்று மாதம் வைத்துப் பார்க்காமல் புது டப்பாவுக்குச் சம்மதிக்கவில்லை. அவர் பிடிவாதம் நல்லதுதான். மூங்கில் மூடி அந்தச் சோதனையில்தான் பூஞ்சை பிடித்து வெளியே போனது.

கடைசியாக லேபிள். அச்சகத்தில் அவர்களாகவே '100% ஈகோ ஃப்ரெண்ட்லி' என்று ஒரு முத்திரையைச் சேர்த்துவிட்டார்கள். எடுக்கச் சொன்னால், எல்லாரும் போடுகிறார்களே என்று வாதம். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இப்படிப் பொத்தாம் பொதுவாகச் சொல்லக் கூடாது, எதனால் என்ற விவரமும் ஆதாரமும் வேண்டும். அதைப் போனில் காட்டித்தான் எடுக்க வைத்தேன். இப்போது எங்கள் லேபிளில் 'அலுமினிய டப்பா, காகித லேபிள், காலி டப்பாவைப் பழைய சாமான்காரரிடம் கொடுக்கவும்' என்று மட்டும் இருக்கிறது. வெந்நீரில் ஊறினால் கழன்று வரும் பசையைக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் கழலாததைத்தான் ஒட்டுவார்கள்.

ஆனால் அச்சடிக்க முடியாமல் லேபிள் தேங்கி நின்றதற்குக் காரணம் வேறு. பொட்டலத்தில் பேக் செய்பவரின் முழு முகவரி இருக்க வேண்டும். தாராவி முகவரியைப் பதிவில் மாற்ற ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். கவுண்டரில் இருந்தவர் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு காகிதம் கேட்டார். வாடகை ஒப்பந்தம் கொடுத்தால் கரண்ட் பில், கரண்ட் பில் கொடுத்தால் அது இடத்துக்காரர் பெயரில் இருக்கிறது என்று அவருடைய சம்மதக் கடிதம், அதைக் கொடுத்தால் "உத்யா யா", நாளைக்கு வாருங்கள் என்று மராத்தியில். கடைசியில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, என்னென்ன வேண்டும் என்று "லிஹூன் த்யா", எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதித் தர அவருக்கு மனமில்லை. உள்ளே இருந்த அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார், கையிலிருந்த காகிதங்களே போதும் என்று கையெழுத்துப் போட்டார். எழுத்தில் கேளுங்கள், முதல் நாளே கேளுங்கள்.

பூச்சில்லாமலும் எண்ணெய் கசியாமலும் இருக்கிற காகிதக் குழாயை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வசாய், பிவண்டிப் பக்கம் யாராவது செய்கிறார்கள் என்றால் சொல்லுங்கள், ஆளுக்கு ஆயிரமாகப் பிரித்துக்கொள்ள நாங்கள் மூன்று பேர் தயார். சாம்பிளில் இரண்டு பேர் கையெழுத்தும் தேதியும் போட்டு, 'மொத்தச் சரக்கும் இதே' என்று ஆர்டரில் எழுதிய பிறகுதான் இந்தத் தடவை அட்வான்ஸ்.