ஆள் பார்த்துப் பரிமாறுதல்

கல்யாணப் பந்தியில் ஆள் பார்த்துப் பரிமாறுகிறவனைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் நல்ல வார்த்தை சொல்லமாட்டார்கள். ஓர் இலைக்கு இரண்டு வடை, பக்கத்து இலைக்கு ஒன்று என்றால் அது பந்தி வஞ்சனை. எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே வரிசை, அதுதான் மரியாதை என்று கேட்டு வளர்ந்தவள் நான். 2015இல் லண்டன் புறநகரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, முதல் வாரப் பயிற்சியிலேயே இதற்கு நேர் எதிரானதைச் சொல்லித் தந்தார்கள். இங்கே ஆள் பார்த்துத்தான் பரிமாற வேண்டுமாம்.

பராமரிப்புப் பணியாளர்களுக்கான அடிப்படைச் சான்றிதழ் இங்கிலாந்தில் அந்த ஆண்டு ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அப்போது அதில் பதினைந்து தரங்கள், ஐந்தாவது இந்த விஷயம். அதற்குத் தமிழில் 'நபர் மையப் பராமரிப்பு' என்று எழுதிய துண்டுப் பிரசுரம் ஒன்றைப் பிறகு ஒரு மருத்துவ நிலையத்தில் பார்த்தேன். வர்த்தமானி அறிவித்தல் போல இருந்தது. ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது பற்றிய பெரிய விசாரணை அறிக்கை 2013இல் வெளிவந்து நாட்டையே உலுக்கியிருந்தது. அதற்குப் பின்புதான் எங்களைப் போன்ற கீழ்நிலைப் பணியாளர்களுக்கு யார் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்று மேலிடத்தில் கேட்கத் தொடங்கினார்களாம். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. ஆறு வருடம் பெட்ரோல் நிலையத்தில் காசாளராக இருந்துவிட்டு, இரவு வேலை வேண்டாம் என்று இங்கே வந்தவள்.

வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது எனக்குப் புதிதல்ல, அம்மம்மாவைப் பார்த்தவள்தானே என்று ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு மூன்றாம் நாள் போயிற்று.

அவர் எண்பத்தாறு வயது ஆங்கிலேயர், முன்பு பஸ் ஓட்டியவர். காலையில் உடுத்த உதவி செய்ய வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கின. பொத்தான் துளைக்குப் பக்கத்தில் போய்த் தவறி, மறுபடி போய்த் தவறியது. பார்க்கப் பொறுக்கவில்லை. "விடுங்கள், நான் போடுகிறேன்" என்று சொல்லி, அவர் பதில் சொல்வதற்குள் ஏழு பொத்தானையும் போட்டு முடித்து, காலரையும் நிமிர்த்திவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிராது. அடுத்த அறைக்குப் போய்விட்டுத் துவாய் எடுக்கத் திரும்பி வந்தபோது, கதவு இடுக்கில் அவரைப் பார்த்தேன். நான் போட்ட ஏழையும் கழற்றிவிட்டு, கீழ்ப் பொத்தானிலிருந்து மேலே போட்டுக்கொண்டிருந்தார். கீழிருந்து தொடங்கினால் கடைசியில் ஒரு பக்கம் ஏறி இறங்காது என்பது அவர் கணக்கு. என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்து நான்காவது பொத்தானைத் தேடினார்.

பிராட்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட் என்றொருவர் இருந்தார். மறதி நோயாளிகளைச் சுற்றியிருப்பவர்கள் எப்படியெல்லாம் அவர்களை ஆளே அல்லாதவர்களாக ஆக்கிவிடுகிறார்கள் என்று 1997இல் வெளிவந்த தன் நூலில் பதினேழு வகைகளைப் பட்டியலிட்டார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். அந்தப் பதினேழில் ஒன்று, அவர்களால் எட்டிப்பிடிக்க முடியாத வேகத்தில் காரியம் செய்வது. இன்னொன்று, குழந்தை போல நடத்துவது. இவற்றைச் செய்பவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் அல்லர், நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள் என்பதையும் அவர் அழுத்திச் சொல்லியிருக்கிறார். பயிற்சியில் இந்தப் பட்டியலைக் கொடுத்தபோது, இவற்றில் எத்தனையை நாங்கள் அம்மம்மாவுக்கு அன்போடு செய்திருக்கிறோம் என்று பேனாவால் அடையாளமிட்டுக்கொண்டு போனேன். ஒன்பதில் நிறுத்திவிட்டேன்.

நம் அன்பு கேட்காத அன்பு. பெரியவர் எழுந்திருக்க முன் செம்பில் தண்ணீர் நீட்ட வேண்டும், கேட்டால்தான் கொடுப்பது என்பது குறை. "சாப்பிடுகிறீர்களா?" என்று விருந்தாளியிடம் கேட்பதே அழகல்ல, இலையைப் போட்டுவிட வேண்டும். இந்தப் பழக்கத்தோடு வந்தவளை, கதவைத் தட்டு, அனுமதி கேள், நீலச் சட்டையா வெள்ளைச் சட்டையா என்று கேள், எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேள் என்று நாள் முழுவதும் கேள்வி கேட்க வைத்தார்கள். கூப்பிடுவதில் ஒரு சங்கடம். எழுபது வயதைத் தாண்டியவரைப் பெயர் சொல்லி அழைக்க என் நாக்கு எழும்பாது. அதனால் எல்லாப் பாட்டிமாரையும் 'மம்மா' என்று அழைத்தேன். முன்னாள் ஆசிரியை ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நான் உன் அம்மா இல்லை. எனக்குப் பிள்ளைகளே கிடையாது. எனக்கு ஒரு பெயர் இருக்கிறது." அவரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

அதே ஆசிரியைக்கு விழுங்குவதில் சிரமம் வந்தது. தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும் என்று, குடிப்பதில் எல்லாம் தடிப்பாக்கும் மாவைக் கலக்கச் சொன்னார் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர். அந்த மாவைக் கலந்த தேநீரை நான் ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கிறேன். கஞ்சி வடித்து ஆறிய பானையின் அடி. ஆசிரியை கோப்பையைத் தள்ளிவிட்டு, ஆபத்து என்றால் ஆபத்து, எனக்குத் தேநீர் தேநீராக வேண்டும் என்றார். கூட்டம் போட்டார்கள், மருத்துவர் வந்தார். 2005இல் இயற்றிய மனத்திறன் சட்டம் இங்கே இருக்கிறது. ஒருவர் எடுக்கும் முடிவு புத்திசாலித்தனமாக இல்லை என்பதற்காகவே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கொள்ளக்கூடாது என்பது அதன் கொள்கைகளில் ஒன்று. ஆசிரியைக்கு எல்லாம் விளங்குகிறது, விளைவும் தெரிகிறது என்று எழுதிக்கொண்டார்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, சின்னச் சின்ன வாயாகச் சாதாரணத் தேநீர் கொடுத்தோம். எங்கள் வீடுகளில் என்றால் மூத்த மகன் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், கதை முடிந்திருக்கும்.

ஆறாம் வருடம் என்று நினைக்கிறேன், மருத்துவமனையிலிருந்து ஒரு தமிழ் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணம். எண்பத்து மூன்று வயது. ஐம்பது வயதுக்குப் பிறகு வந்து கற்றுக்கொண்ட ஆங்கிலம் மறதியில் முதலில் போய்விட்டது. சிறுவயதில் பேசிய மொழி கடைசிவரை நிற்பதை இந்த வேலையில் பல தடவை கண்டிருக்கிறேன். அவருடைய கோப்பில் 'குளிக்க மறுக்கிறார், அடிக்கிறார்' என்று எழுதியிருந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீயும் அந்த ஊர்தானே" என்றார்.

குளியலறையில் போய்ப் பார்த்தேன். வழுக்காத தரை, சுவரில் பிடிகம்பி, கையில் பிடித்துத் தெளிக்கும் ஷவர். இரண்டு பெண்கள் இரண்டு பக்கம் நின்று சட்டையைக் கழற்றப் பார்க்கிறார்கள். அம்மா மார்பைக் கைகளால் குறுக்கே கட்டிக்கொண்டு, பற்களைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கிணற்றடியில் குறுக்குக் கட்டோடு முழுகிய பெண், வாழ்நாளில் தன் தாய்க்கு முன்னால்கூட ஆடையின்றி நின்றிராதவர், வெள்ளை வெளிச்சத்தில் இரண்டு அந்நியருக்கு முன்னால் எப்படி நிற்பார்?

அடுத்த நாள் வீட்டிலிருந்து ஒரு சீத்தைத் துணி கொண்டுபோனேன். உடைக்கு மேலேயே அதைச் சுற்றி, நெஞ்சுக்கு மேல் முடிந்து, பிறகு உள்ளிருந்து உடையைக் கழற்றினோம். ஷவரை நிறுத்திவிட்டு வாளியில் தண்ணீர் நிரப்பினேன். குளிக்கும் நீர் 44 பாகையைத் தாண்டக்கூடாது என்பதால் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். சமையலறையிலிருந்து எடுத்துவந்த பிளாஸ்டிக் ஜாடியில் மொண்டு ஊற்றப் போனேன். அம்மா என் கையிலிருந்து ஜாடியை வாங்கிக்கொண்டார். முதலில் பாதத்தில் ஊற்றினார். பிறகு தோளில். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையில். வாய்க்குள் போன தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆச்சரியமாக, "நல்ல தண்ணீர்" என்றார்.

அன்றிலிருந்து அவர் குளித்தார். ஜாடிக்கென்று தனியாக ஓர் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது, அது வேறு. 'நோகுதா', 'பசிக்குதா', 'போவோமா' என்று நாலைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் அட்டையில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன். பிலிப்பைன்ஸ்காரத் தோழி ஒருத்தி 'நோகுதா' என்பதை ஒரு பாட்டு போல இழுத்துச் சொல்வாள், அம்மா சிரித்துவிடுவார். மேலாளர் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைய முதல் குளியலுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலை ஏழிலிருந்து பத்துக்குள் எனக்கு எட்டுப் பேர். என் பங்கில் இரண்டு பேரைத் தோழி எடுத்துக்கொண்டாள். இன்னும் ஒருவரை, ஒரு நாள் கூலிக்கு முகவர் நிறுவனம் அனுப்பிய பையன் உடுத்திவிட்டான். அது பொத்தான் போடும் பஸ் ஓட்டுநர். பத்தரைக்கு நான் போனபோது பொத்தானெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கழற்றவில்லை. பந்தி வஞ்சனை என்று ஊரில் சும்மா சொல்லவில்லை. சோறு அளவாக இருக்கும் பந்தியில் ஒரு இலைக்குக் கூட வைத்தால் இன்னோர் இலையில் குறையத்தான் செய்யும். ஒவ்வொருவரும் தனி ஆள் என்று எழுதிவைக்கிற நாடு, அதற்கு வேண்டிய ஆட்களைக் கொடுப்பதில் கையை இறுக்கிப் பிடிக்கிறது. வீடுவீடாகப் போய்ப் பராமரிக்கும் என் சிநேகிதிக்கு இன்னும் மோசம். வீட்டுப் பராமரிப்பு வருகை பொதுவாக அரை மணிக்குக் குறையக்கூடாது என்று தேசிய வழிகாட்டுதல் 2015லேயே வந்துவிட்டது. அவள் கைபேசியில் பதினைந்து நிமிட வருகைகள் வரிசையாக நிற்கும். கோட்டைக் கழற்றவே இரண்டு நிமிடம் போய்விடும் என்பாள்.

அந்தத் தமிழ் அம்மாவிடம் திரும்பி வருகிறேன். கோப்பில் சமயம் என்ற இடத்தில் 'இந்து' என்று இருந்தது. காலையில் முகம் துடைத்ததும் நெற்றியில் திருநீறு பூசிவிடுவேன். வெள்ளிக்கிழமைகளில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, கொடுக்க வேண்டாம் என்று சமையலறைக்கு எழுதிக் கொடுத்தேன். வீட்டிலிருந்து பருப்பும் வெந்தயக் குழம்பும் செய்துகொண்டு போனேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். பசி குறைவு என்று குறித்துவைத்தேன். நெற்றியைப் புறங்கையால் அடிக்கடி தேய்ப்பார். தோல் வறட்சி என்று நினைத்துக் களிம்பு கேட்டேன்.

ஒரு மாலை, கட்டிலருகே துவாய் மடித்துக்கொண்டிருந்தேன். அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். தேவாரம் என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன். பெருவிரலால் மற்ற விரல்களின் கணுவை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். 'பூரண மரியே வாழ்க' என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

கனடாவில் இருக்கும் மகனுக்கு அன்றே அழைத்தேன். "நாங்கள் வேதக்காரர் அல்லவா அக்கா, பாசையூர்" என்றார். படிவத்தில் எழுதியது யார் என்று அவருக்கும் தெரியாது. மருத்துவமனையில் யாரோ பெயரையும் முகத்தையும் பார்த்து எழுதியிருக்க வேண்டும். அதை நாங்கள் அப்படியே பிரதி எடுத்திருக்கிறோம். மகனிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை, நானும் அந்த ஊர்தானே. பாசையூர் கடற்கரை, கிணற்றில் உவர். குளிக்கும்போது "நல்ல தண்ணீர்" என்று அவர் அன்றே சொன்னார். கோப்பாய்த் தோட்டக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த என் காதில் அது விழவில்லை. நாலரை மாதம் ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் நெற்றியில் தினமும் திருநீறு பூசி, மீன் தின்று வளர்ந்தவருக்கு மரக்கறி கொடுத்திருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் எவரும் அதைச் செய்யவில்லை. சட்டை கழற்றுவதோடு அவர்கள் நின்றார்கள்.

அலுமாரியின் அடியில், மருத்துவமனைப் பிளாஸ்டிக் பையில், ஒரு செபமாலை கிடந்தது. கையில் கொடுத்தபோது என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வாங்கி முத்தமிட்டுவிட்டு, "மீன் கிடைக்குமா பிள்ளை?" என்று கேட்டார். யூன் 13, அந்தோனியார் திருநாளன்று, விளைமீன் வாங்கி முள் பார்த்துக் கூழ் காய்ச்சிக் கொண்டுபோனேன். கூழுக்கு வேண்டிய ஒடியல் மா, காய்ந்த பனங்கிழங்கு மா, இங்கேயும் கிடைக்கிறது.

சென்ற வருடம் ஊருக்குப் போயிருந்தேன். என் அம்மாவுக்கு எண்பதாகிவிட்டது. தம்பி கிணற்றுக்கு மோட்டார் போட்டு, வாளியையும் கயிற்றையும் எடுத்துவிட்டான். விழுந்துவிடுவார் என்று தேங்காய் துருவும் திருவலையைக்கூட உள்ளே வைத்துப் பூட்டியிருந்தான். அவனோடு அரை நாள் சண்டை பிடித்து அதை வெளியே எடுத்துக் கொடுத்தேன். அம்மா ஒரு தேங்காய்ப் பாதியைத் துருவ இருபது நிமிடம் எடுத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

மாலையில் முற்றத்தில் சீப்போடு உட்கார்ந்தார். நான் பின்னால் போய் நின்று, "அம்மா, நான் தலை சீவிவிடட்டுமா? உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

அம்மா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஆஸ்பத்திரியில் கேட்கிற மாதிரிக் கேட்கிறாய்? சீவு" என்று சீப்பைத் தோளுக்கு மேலால் நீட்டினார்.