ஆழ்கடல் திமிங்கலங்களின் மரபியல்: தேர்வுக்குப் படித்த முறை

கடல் உயிரியல் முதுகலைப் படிப்பில், இனத்தொகை மரபியல் (ஓர் இனத்தின் கூட்டங்களுக்குள்ளும் அவற்றுக்கிடையிலும் மரபணு வேறுபாட்டை ஆராயும் துறை) தாளுக்கான விருப்பப் பகுதியாக ஆழமாக மூழ்கும் திமிங்கலங்களை எடுத்துக்கொண்டேன். சூத்திரங்களை மனப்பாடம் செய்வதற்கு முன் விலங்கின் வாழ்க்கை முறையை அறிந்துகொள்வதே இப்பகுதிக்குப் பொருத்தமான வரிசை என்பது என் அனுபவம்.

அம்பர்கிரிஸ் (இத்திமிங்கலத்தின் குடலில் உருவாகும் மெழுகு போன்ற பொருள்) கடத்தல் செய்திகளின் புண்ணியத்தில் நம்மவர்க்கும் பெயர் தெரிந்த ஸ்பெர்ம் திமிங்கலத்தையே பாருங்கள். பெண் திமிங்கலங்கள் தாய்வழி உறவுகளோடும் குட்டிகளோடும் வெப்பக் கடல்களிலேயே தங்கிவிடுகின்றன. ஆண்களோ வளரும் பருவத்தில் கூட்டத்தை விட்டுப் பிரிந்து துருவத்தை ஒட்டிய குளிர்நீர் வரை சென்று, பின்னர் இனப்பெருக்கத்துக்காக வெப்பக் கடல்களுக்கு வருகின்றன. இது மனத்தில் பதிந்துவிட்டால், தாய்வழி மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. கடற்பகுதிகளுக்கிடையே வேறுபாடு காட்டும்போது, இரு பெற்றோரிடமிருந்தும் வரும் மைக்ரோசாட்டலைட் குறிகள் (அணுக்கரு டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் சிறு துணுக்குகள்) பெருங்கடல்களுக்கிடையிலும் மிகச் சிறிய வேறுபாட்டையே காட்டுவது ஏன் என்பது தானாக விளங்கும். ஆனால் அத்துடன் விடையை முடித்துவிடக் கூடாது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் பயனுறு இனத்தொகை அளவு (தற்செயல் மரபணு மாற்றத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் கணக்கீட்டு அளவு; இது சிறிதானால் வேறுபாடு விரைவில் சேரும்) அணுக்கரு மரபணுக்களுடையதில் ஏறத்தாழ கால் பங்கே என்பதால், இரு பாலினமும் சமமாக இடம்பெயர்ந்தாலும் அதில் வேறுபாடு கூடுதலாகவே தெரியும் என்பதையும் எழுத வேண்டும். விடைத்தாளின் தரத்தைப் பிரித்துக்காட்டும் இடம் இதுதான்.

அடுத்துக் கேட்கப்படுவது, உலகெங்கும் பரவியுள்ள இவ்வினத்தின் மைட்டோகாண்ட்ரியா பன்மயம் ஏன் இவ்வளவு குறைவு என்பது. திமிங்கல வேட்டையைக் காரணம் காட்டப் பலருக்கும் தோன்றும். நீண்ட ஆயுளும் நீண்ட தலைமுறை இடைவெளியும் கொண்ட விலங்கில், சில நூற்றாண்டு வேட்டை மட்டும் இந்த அளவுச் சீர்மையை உண்டாக்கியிருக்க முடியாது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் சிறுத்துப் பின் பெருகிய இனத்தொகை என்பது வலுவான விளக்கம். தாயிடமிருந்து கற்ற பயனுள்ள பழக்கங்களால் சில தாய்வழிகள் தழைக்க, அவற்றின் டி.என்.ஏ.வும் உடன்பரவியது எனத் திமிங்கல ஆய்வாளர் ஹால் வைட்ஹெட் 1998-இல் முன்வைத்த கருதுகோளையும் சொல்லலாம், ஆனால் நிறுவப்பட்ட முடிவாக அல்ல. மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பார்த்து, மரபணுத்தொகுதி முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவதும் தவறு.

ஒப்பீட்டுக்கு குவியர் அலகுத் திமிங்கலத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். 2,992 மீட்டர் வரை மூழ்கியதாகப் பதிவான இவ்வினத்தில், பெருங்கடல்களுக்கிடையே மைட்டோகாண்ட்ரியா வேறுபாடு அழுத்தமாக உள்ளது. ஆகவே ஆழமாக மூழ்குவது மட்டும் எதையும் விளக்கிவிடாது.

கடைசியாக, எந்த ஆய்வின் அட்டவணையைப் படித்தாலும் மாதிரிகள் எங்கிருந்து, எந்தப் பாலினத்திலிருந்து எடுக்கப்பட்டன என்பதை முதலில் பாருங்கள்; ஐரோப்பாவின் வட கடல் (North Sea) கரைகளில் ஒதுங்கும் ஸ்பெர்ம் திமிங்கலங்கள் பெரும்பாலும் ஆண்களே என்பதால், பெண்களின் இனத்தொகைக் கட்டமைப்பைப் பற்றி அவற்றிடமிருந்து நேரடியாக முடிவு கூற இயலாது.